வளைவில் மூச்சுவிட்ட கொழுந்து லொறி

தோட்ட வாகனத்தில் குறை என்று யார் சொன்னாலும், முதலில் தொழிற்சாலை மெக்கானிக் அதைப் பார்த்து எழுதித் தரவேண்டும். அதன் பிறகே சாரதியிடம் எழுத்தில் விளக்கம் கேட்கவேண்டும். தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்தபோது இந்த விதியை நானே தட்டச்சு செய்து கோப்பில் போட்டேன். நான் ஓய்வு பெற்றபின் அந்தக் கோப்பை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை.

புதிதாக வந்த கொழுந்து லொறி டர்போ வைத்த டீசல் வண்டி. ஏற்றத்தில் முக்கி வந்து, வளைவில் சாரதி காலை எடுத்ததும் 'ப்ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். கீழே மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் அதைக் கேட்டுவிட்டு, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறங்குவார்கள். புதிதாக வந்த சின்னத்துரை, அதாவது தோட்டத்து உதவி மனேஜர், இதை இரண்டு வாரம் கவனித்து ஒரு சதியைக் கண்டுபிடித்தார். சாரதி லொறியில் விசில் பூட்டியிருக்கிறாராம், நேரத்துக்கு முன்பே வேலையை நிறுத்தச் சொல்லிப் பெண்களுக்குச் சைகை காட்டுகிறாராம். மெக்கானிக்கைக் கேட்கவில்லை. எழுத்தில் ஒரு வரி இல்லை. மாசி மாதத்தில் ஒரு காலை, லொறிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு சாரதியை வேலையிலிருந்து நிறுத்தினார்.

தொழிலாளர் குடியிருக்கும் அந்த லய வரிசையில், கொழும்புக் கடைகளில் வேலைக்குப் போகாமல் பிள்ளைகளோடு இருந்த ஒரே தகப்பன் அந்தச் சாரதிதான். என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, நான் கால எடுத்தா அது மூச்சு விடுதுங்க. எடுக்காம வளைவுல எப்படிங்க திரும்புறது?"

சின்னத்துரையைப் பார்க்க மடுவத்துக்குப் போனேன். பொறுமையாகவே விளக்கினேன். வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை நெருக்கி இயந்திரத்துக்குள் தள்ளுகிறது. காலை எடுத்ததும் உள்ளே போகும் டீசல் குறைகிறது, புகையும் குறைகிறது, சக்கரம் வேகம் இழக்கிறது. குழாயில் நெருக்கிக் கிடந்த காற்று திரும்பி வந்து அந்தச் சக்கரத்தின் இதழ்களிலேயே மோதுகிறது. இயந்திரத்தின் இரைச்சல் அடங்கிவிடுவதால் அது தெளிவாகக் கேட்கிறது. இதற்கு விசில் தேவையில்லை.

தொழிற்சாலை நடத்தத் தமக்குக் கிளாக்கர் பாடம் தேவையில்லை என்றார். பிறகு தம் டபுள் கெப் வண்டியில், அதுவும் டர்போ டீசல்தான், ஏறி, வேகமாகக் கிளப்பி, வளைவில் காலை எடுத்தார். 'ப்ஸ்ஸ்ஸ்.' மடுவத்தில் கூடையோடு நின்ற ஒரு பெண்ணிடம், லொறிச் சத்தம் கேட்டதும் ஏன் இறங்கினீர்கள் என்று விசாரித்தேன்.

"லொறி வந்தா கொழுந்து நிறுக்கத்தானே வருவோம், கோயிலுக்கா போவோம்?" என்றாள். "இப்ப பாருங்க, தொரையும்ல சைகை காட்டிட்டுப் போறாரு."

சுற்றிலும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதைச் சின்னத்துரையிடம் சொல்ல அங்கே ஒருவருக்கும் உரிமையில்லை என்பது எனக்குத் தெரியும்.

கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். விதியின் நகல், மெக்கானிக்கிடம் நானே கேட்டு வாங்கிய குறிப்பு, சத்தத்துக்கான விளக்கம், எல்லாம் இணைத்தேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். கவனத்தில் எடுக்கப்பட்டது என்று ஓர் அட்டை வந்தது. இன்னொரு நினைவூட்டல். கடிதத்தை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று ஆராய்கிறார்களாம். உறை கிழிக்கத் தெரிந்தவன் அரை நாளில் முடிக்கிற வேலை அது.

ஆடியில் சாரதி பொறுமையிழந்தார். கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடை லொறிக்கு ஆள் தேவையென்று மைத்துனர் சொன்னதும் புறப்பட்டுப் போய்விட்டார். சின்ன மகள் பஸ் நிலையம் வரை அழுதுகொண்டே நடந்ததாக அவர் மனைவி சொன்னார். தீபாவளிக்கு வந்தவர் என்னையும் பார்க்க வந்தார். பதில் வந்ததா என்று கேட்கவில்லை. அதுவே எனக்குக் கோபத்தை இன்னும் கூட்டியது.

சத்தம் இயந்திரத்தின் இயல்பு, சாரதி மேல் தவறில்லை, உடனே வேலைக்குத் திரும்பலாம் என்ற கடிதம், அவர் காலை பஸ்ஸில் கொழும்புக்குத் திரும்பிப் போன அதே நாள் பகல் தபாலில் வந்தது: தீபாவளி முடிந்து மூன்றாம் நாள்.