கந்தசட்டியும் ஒரு சிறுநீர்ப் போத்தலும்

1. நீலத் தண்ணீர்

நர்ஸ் வேலைக்கு வருகிற பிள்ளைகள் ஊசி போடுவதும் புண்ணுக்குக் கட்டுவதும்தான் கடினமான வேலை என்று நினைக்கிறார்கள். எனக்குக் கடினமாக இருந்தது வேறொன்று. ஒரு பெண் போத்தலுக்குள் சிறுநீர் கழிப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது. சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு மேலே வாசியுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தென் லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி. வார்டில் நோயாளிகளைத் தூக்கித் தூக்கி என் முழங்கால் போனபிறகு என்னை ஒக்குப்பேஷனல் ஹெல்த் பகுதிக்கு மாற்றியிருந்தார்கள். ஆஸ்பத்திரி ஊழியர்களின் உடல்நலத்தைப் பார்க்கிற சின்னக் கிளினிக் அது. ஊசி குத்திக்கொண்டவர்கள், முதுகு பிடித்தவர்கள், லீவுக்காக இருமிக் காட்டுகிறவர்கள் என்று எல்லோரும் வருவார்கள். இருமிக் காட்டுகிறவர்களை வாசலிலேயே பிடித்துவிடுவேன். அதனால் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயரும் இருந்தது.

ஒருநாள் எங்கள் டொக்டர் என்னைக் கூப்பிட்டார். நல்ல ஆங்கிலேய மனிதர், கெட்ட செய்தி சொல்லுமுன் கண்ணாடியைத் துடைப்பார். அன்றைக்கு வெகுநேரம் துடைத்தார். போதை மருந்துப் பழக்கத்திலிருந்து மீண்ட ஒரு நர்சை, நர்சுகளின் பதிவை வைத்திருக்கிற கவுன்சில் நிபந்தனையோடு வேலைக்கு அனுப்புகிறது, சிறுநீர்ச் சாம்பிள் எடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கிற விற்னஸ் நீதான் என்றார். பெயரைப் பார்த்தேன். பரமேஸ் அக்கா.

பரமேஸ் அக்கா என்னைவிட மூத்தவர். என்னைப் போலவே யாழ்ப்பாணத்திலிருந்து நர்சிங் படிக்க வந்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில், லண்டன் குளிர் தெரியாமல் மெல்லிய கார்டிகனோடு நான் நர்சுகள் விடுதியில் வந்து இறங்கிய அன்று, தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டவர். கடன் தந்தார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அவர் திருப்பிக் கேட்கவேயில்லை.

ஒரு கனத்த நோயாளியைத் தூக்கும்போது அக்காவின் முதுகு போனது. வலிக்கு மாத்திரையில் தொடங்கி, கடைசியில் வார்டின் பெத்திடின் ஊசியில் போய் நின்றது. பெத்திடின் போதை தருகிற வலி மருந்து, பூட்டித்தான் வைப்பார்கள். எடுக்கும்போது இரண்டு நர்சுகள் நிற்கவேண்டும். அம்பூல் என்கிற சின்னக் கண்ணாடிக் குப்பியில் பாதிதான் நோயாளிக்குத் தேவை என்றால், மிச்சப் பாதியை ஒருத்தி சிங்கில் ஊற்ற, மற்றவள் பார்த்து, இருவரும் கையெழுத்து வைக்கவேண்டும். அந்த மிச்சப் பாதிகளைத்தான் அக்கா எடுத்தார். ஒருவரும் பிடிக்கவில்லை. தானே ஒருநாள் வார்ட் சிஸ்டரிடம் போய்ச் சொல்லி அழுதார்.

கவுன்சிலின் நிபந்தனைகள் இவை: பகல் ஷிப்ட் மட்டும். மருந்து அலுமாரிச் சாவியைத் தொடக்கூடாது. கவுன்சில் போன் பண்ணுகிற நாளில், அன்றைக்கே, விற்னசுக்கு முன்னால் சாம்பிள். ஒரு சாம்பிள் பிழையாக வந்தாலும் விஷயம் திரும்பவும் கமிட்டிக்குப் போகும், பெயரைப் பதிவிலிருந்து எடுப்பார்கள். பதிவு போனால் இந்த நாட்டில் எங்கேயும் நர்ஸ் என்று நிற்க ஏலாது. அக்காவுக்கு அந்த வேலையை விட்டால் வேறொன்றும் தெரியாது, வேறொன்றும் வேண்டியும் இருக்கவில்லை.

சாம்பிள் அறை என்பது கிளினிக் டொய்லெட்தான். உள்ளே தண்ணீர்க் குழாயை மூடி டேப் ஒட்டுவேன். டொய்லெட் தண்ணீரில் நீலச் சாயம் விடுவேன், அதை அள்ளிப் போத்தலில் கலக்காதபடிக்கு. கோட்டு, கைப்பை எல்லாம் வெளியே வைக்கவேண்டும். எனக்குக் கோட்டுத் தந்த மனுசியிடம் கோட்டைக் கழற்றி வெளியே வையுங்கள் என்று முதல் நாள் நான் சொல்லவேண்டி வந்தது. அதை ஆங்கிலத்தில்தான் சொன்னேன். அக்காவும் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னார். அதன்பிறகு அந்த அறைக்குள் நாங்கள் தமிழ் கதைப்பதில்லை. ஒருவரும் தீர்மானித்து வைத்த பழக்கமல்ல அது. வெட்கம் ஆங்கிலத்திலேயே கிடக்கட்டும் என்று இருவருக்கும் தோன்றியிருக்கவேண்டும்.

2. தண்ணீராய் வந்த சாம்பிள்

ஒரு வருடத்துக்குக் கிட்ட எல்லாம் சுத்தமாகவே வந்தது. ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை கவுன்சில் கூப்பிட்டது, சாம்பிள் எடுத்தோம். புதன்கிழமை, சாம்பிளைச் சோதிக்கிற லாபிலிருந்து போன். அங்கே இருந்தவர் வேல்ஸ் நாட்டுக்காரர், பாட்டுப் போலப் பேசுவார். அன்றைக்குப் பாட்டு இல்லை. மருந்து ஒன்றும் இல்லை, ஆனால் இதைச் சிறுநீர் என்று சொல்லவே ஏலாது, வெறும் தண்ணீர், இப்படி ஐதாக வந்தால் டெஸ்டுக்கு அர்த்தமில்லை என்றார்.

மருந்து எடுத்தவர்கள் மாட்டுப்படாமல் இருக்கக் குடம் குடமாய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவது இந்தத் தொழிலில் பழைய தந்திரம். கவுன்சிலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் இன்னொரு சாம்பிள் வேண்டும், அதுவும் ஐதாக வந்தால் தோற்ற டெஸ்ட் என்றே கணக்கு என்றார்கள். டொக்டர் கண்ணாடியைத் துடைத்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அக்காமேல்தான் கோபம். வார்டுக்குப் போய், பெட்ஷீட் அறைக்குள் அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். அது சாம்பிள் அறை அல்ல, ஆகவே தமிழில் கேட்டேன்.

“அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. திரும்ப எடுத்தனீங்களோ?”

அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அதில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

“கந்தசட்டி பிடிக்கிறன், பிள்ளை” என்றார். “பகலிலை தண்ணி மட்டும்தான். பின்னேரம் ஒரு பால்.”

3. மிஞ்சியிருந்த ஒரு சொல்

அட கடவுளே என்று ஒரு தலையணை உறைக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். கந்தசட்டி எங்கள் ஆட்கள் முருகனுக்குப் பிடிக்கிற ஆறு நாள் விரதம். ஏழாம் நாள் காலையில் பாறணை, அதாவது விரதம் முடித்துச் சாப்பிடுவது. பெத்திடினை விட்ட நாட்களில், உடம்பு நடுங்க நடுங்க, ஆர்ச்வே முருகன் கோவிலில் போய் அக்கா நேர்ந்திருக்கிறார். என்ர வேலையை எனக்குத் திருப்பித் தந்தால் கடுமையாய்ச் சட்டி பிடிப்பன் என்று. வேலை கிடைத்துவிட்டது. சொன்னபடி விரதம் இருக்கிறார். அந்த விரதமே இப்போது வேலைக்கு உலை வைக்கிறது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஏன் எனக்கு முதலே சொல்லவில்லை என்று கேட்டேன். பட்டினியோடு வார்டில் நிற்கிறாள் என்று அதற்கும் ஒரு குற்றம் எழுதுவார்கள் என்று பயந்தாராம். அதோடு, ஆட்களுக்கு முன்னால் பயமில்லாமல் சிறுநீர் வரவேண்டும் என்பதற்காகக் கூப்பிட்ட உடனே இன்னும் இரண்டு கிளாஸ் தண்ணீரும் குடித்திருக்கிறார்.

எனக்கு வாய்க்கொழுப்புக் கொஞ்சம் உண்டு. “வியாழக்கிழமை ராவு ஒரு கோப்பை சோறு சாப்பிடுங்கோ. முருகனுக்கு வேறை வேலை இல்லையே? அவர் கோவிக்கமாட்டார்” என்றேன்.

“அவர் கோவிக்கமாட்டார், எனக்குத் தெரியும்” என்றார் அக்கா. “என்ர சொல்லை இப்ப ஒருத்தரும் நம்பிறேல்லை. போத்தலைத்தான் நம்பீனம். நான் குடுத்துக் காப்பாத்திறதுக்கு எண்டு மிஞ்சியிருக்கிறது இந்த ஒரு சொல்லுத்தான், பிள்ளை. அதையும் பறிக்காதையும்.”

நேரே கிளினிக்குக்குத் திரும்பினேன்.

லாப் மனிதருக்குப் போன் பண்ணினேன். விரதம் என்றால் என்ன என்று விளக்க நேரமெடுத்தது. ஆனால் விளங்கியதும் அவருடைய பாட்டுத் திரும்பி வந்தது. இரவு தண்ணீர் குடிக்காமல் படுத்து, விடிய எழும்பியதும் போகிற முதல் சிறுநீரைப் பிடி, அது செறிவாக இருக்கும் என்றார். டொக்டரும் கவுன்சிலோடு கதைத்து ஒத்துக்கொள்ள வைத்தார். ஒரு நிபந்தனை. வீட்டில் எடுத்தாலும் எல்லாம் கிளினிக் முறைப்படியே நடக்கவேண்டும். குளியலறையைச் சோதிக்கவேண்டும், நான் பார்த்தேன் என்று கையெழுத்து வைக்கவேண்டும்.

4. நோர்பரி

வெள்ளிக்கிழமை, சட்டியின் ஆறாம் நாள். நான் இருந்த ஸ்ட்ரெத்தமிலிருந்து முதல் பஸ்ஸில் அக்காவின் வீடு இருக்கிற நோர்பரிக்குப் போனேன். பையில் போத்தல், சீல், நீலச் சாயம். அக்காவின் கணவர் மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓட்டுபவர், வேண்டுமென்றே நேரத்தோடு வெளிக்கிட்டுப் போயிருந்தார். அக்கா கதவைத் திறந்தார். பின்னேரப் பாலுக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிக்கவில்லை, நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சு மெல்லத்தான் வந்தது.

ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போய்த் தேத்தண்ணி குடிக்கலாம். அந்த வீட்டுக் குளியலறை அலுமாரியைத் திறந்து, ஷாம்பூப் போத்தலை மணந்து பார்த்து, துவாய்களை உதறுவது வேறு விஷயம். செய்தேன். குழாய்க்கு டேப் ஒட்டினேன். நீலச் சாயம் விட்டேன். திறந்த கதவால் சமையலறைத் தட்டில் முருகன் படமும் அதற்குமுன் இன்னும் ஏற்றாத விளக்கும் தெரிந்தன.

அக்கா போத்தலை வாங்கிக்கொண்டு டொய்லெட்டில் உட்கார்ந்தார். ஐந்து நாள் பட்டினியில் முழங்கால்கள் துருத்திக்கொண்டிருந்தன. என்னால் தாங்க ஏலவில்லை. கிளினிக்கில் ஒருநாளும் செய்யாததை அங்கே செய்தேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினேன்.

“பிள்ளை, இஞ்சாலை திரும்பும்.”

சாம்பிள் எடுக்கிற இடத்தில் நான் கேட்ட முதல் தமிழ் அதுதான்.

“அக்கா, இது உங்கட வீடு. ஒரு நிமிஷம் நான் பாக்காட்டில் என்ன?”

“எல்லாரும் எனக்கு அப்பிடித்தான் மரியாதை தந்தவை. மிச்ச மருந்தை ஊத்தேக்கை பக்கத்திலை நிண்டவள் ஒருநாளும் பாக்கேல்லை. பரமேஸ் நல்லவள் எண்டு, முகத்தை அங்காலை வைச்சுக்கொண்டு கையெழுத்து வைச்சவள். அவள் ஒருநாள் திரும்பிப் பாத்திருந்தால் நான் எடுத்திருக்கமாட்டன்.” மூச்சு வாங்கினார். “பாத்தனான் எண்டு எழுதப்போறீர். வடிவாய்ப் பாரும்.”

திரும்பிப் பார்த்தேன்.

இப்போது அவருக்குச் சிறுநீர் வரவில்லை. நேரம் போகிறது. அக்காவின் கண் கலங்குகிறது. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு வராவிட்டால், தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு வரட்டும் என்று குழாயைத் திறந்துவிடுவோம். இங்கே குழாய்க்கு டேப் ஒட்டியது நானேதான்.

“அக்கா, உங்கட கோட்டு இன்னும் என்னட்டைத்தான் இருக்கு” என்றேன். “கடைசிப் பொத்தானும் போன கிழமை விழுந்திட்டுது. எப்ப திருப்பித் தரட்டும்?”

அக்கா ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். ஐந்து நாள் பட்டினி கிடந்தவர் அப்படிச் சிரிப்பார் என்று நான் நினைக்கவில்லை. சிரித்த சிரிப்பில் வந்துவிட்டது. நானும் சிரித்துக்கொண்டே, ஒரு கணமும் கண்ணை எடுக்காமல், பார்த்துக்கொண்டு நின்றேன்.

நல்ல மஞ்சள் நிறம். அவ்வளவு வடிவான மஞ்சளை நான் அதற்குமுன் கண்டதில்லை. மூடி, சீல் வைத்து, இருவரும் கையெழுத்து வைத்தோம். அக்கா கைகாலைக் கழுவிக் குளித்துவிட்டு வந்து விளக்கேற்றினார். நான் பஸ் பிடித்தேன்.

பின்னேரம் லாப் மனிதர் போன் பண்ணினார். செறிவு சரி, மருந்து ஒன்றும் இல்லை. கவுன்சில் ஒரே வசனத்தில் ஏற்றுக்கொண்டது. சனிக்கிழமை பாறணைக்கு அதே வீட்டுக்குப் போனேன். அக்கா எனக்கு முதலில் படைக்கப் பார்த்தார். பேசாமல் இருந்து சாப்பிடுங்கோ என்று அதட்டி, நானே அவருக்குச் சோறு போட்டேன். முதல் கவளத்தை அவர் விழுங்கும்வரை எனக்கும் இறங்கவில்லை.

5. மிச்சப் பாதி

நிபந்தனைகளைக் கவுன்சில் எடுத்துவிட்ட பிறகு, காய்ச்சல் தடுப்பூசி போட ஒருநாள் அக்காவின் வார்டுக்குப் போனேன். மருந்தறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அக்கா. இடுப்பில் சாவிக்கொத்துத் தொங்கியது. கையில் சிரிஞ்ச், அதில் பெத்திடினின் மிச்சப் பாதி. பக்கத்தில் ஓர் இளம் ஆங்கில நர்ஸ், அவசரத்தில் இருந்தவள், பேனாவைத் திறந்துவிட்டாள். உங்களை நம்புகிறேன் பரமேஸ், நீங்கள் ஊற்றுங்கள், நான் கையெழுத்து வைக்கிறேன் என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அன்போடுதான் சொன்னாள்.

அக்கா அசையவில்லை. சிரிஞ்சைச் சிங்குக்கு மேலே பிடித்துக்கொண்டே நின்றார். அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்வரை ஊற்றவில்லை. அவள் பார்த்தபிறகுதான் ஊற்றினார்.

இத்தனை வருட வேலையில் நான் படித்த பாடம் இதுதான். முகத்தைத் திருப்புவது சுகமான இரக்கம். பக்கத்தில் நிற்கிறவளுக்கு அது ஒன்றுக்கும் உதவாது.

திரும்பியபோது அக்கா கதவடியில் என்னைக் கண்டுவிட்டார். சிரிஞ்சைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“என்ன பிள்ளை, வடிவாய்ப் பாத்தனீரோ?”

“ஓம் அக்கா” என்றேன். “பாத்தனான்.”