துரைக்குச் செய்த மரமீன்

சண்டை தொடங்கிச் சீமைக் கப்பல்கள் குறைந்தபோது ஊர் முழுக்க மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் அழுதது. என் கணவர் வேலை பார்த்த கந்தோரின் வெள்ளைக்காரத் துரை மட்டும் மரமீனுக்கு அழுதார். வர்ணம் பூசி, வயிற்றில் தூண்டில் முள் மாட்டிய சின்ன மரக்கட்டை அது. நூலில் கட்டி இழுத்தால் உயிர்மீன் என்று நம்பிப் பெரிய மீன் வந்து கவ்வுமாம். துரையிடம் கடைசியாக இருந்ததைக் கடல் கொண்டுபோய்விட்டது.

"நான் செய்து தாறன் எண்டு துரைக்குச் சொல்லிப்போட்டன்" என்று வந்து நின்றார் என் கணவர். பட்டம் பெற்ற களை முகத்தில்.

அவர் பிறந்தது உடுவிலில், முட்டை என்ற சொல்லையே குரலைத் தாழ்த்திச் சொல்லும் சைவ வீட்டில். நான் பருத்தித்துறைக்காரி, மீன் தின்று வளர்ந்தவள். இனி மீன் மச்சம் தொடுவதில்லை என்று கலியாணம் பேசும்போதே என்னிடம் வாக்கு வாங்கிவிட்டார்கள். தாய்வீட்டுக்குப் போய்வந்தால் கிணற்றடியில் முழுகிய பிறகுதான் எனக்கு வீட்டுக்குள் இடம்.

அந்தச் சைவப் பழம்தான் வேலியில் நின்ற முள்முருக்கை வெட்டிவந்து முற்றத்தில் இருந்து செதுக்கியது.

"உதென்ன, கத்தரிக்காயோ?" என்றேன்.

"மீன். பார்க்கத் தெரியேல்லையோ?"

"செட்டை எங்கை?"

கத்தியைக் கீழே வைத்தார். "உம்முடையது மீன் வெட்டின கைதானே. செட்டை எவ்விடத்திலை வரும் எண்டு சொல்லுமன்."

"எனக்கு மறந்துபோச்சு. மறக்கச் சொன்னது நீங்கள்தானே."

மறுநாள் வாழையிலையில் சுற்றிப் பாரைக்குஞ்சு ஒன்றைக் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை என்பதும் நினைவில்லை. சால்வையால் மூக்கைக் கட்டிக்கொண்டு அளவெடுத்து முடித்ததும், வாழையடியில் அதைப் புதைத்தார். நல்ல மீன். எனக்கு வயிறு எரிந்தது.

முதற் கட்டையைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டபோது செத்த மீனாய் மல்லாந்து மிதந்தது. வயிற்றைக் குடைந்து ஈயம் வைத்தார், தொட்டியடிக்கு மூழ்கியே போனது. ஈயத்தைச் சுரண்டிக் குறைத்துக் குறைத்து ஒருவாறு நீந்த வைத்தார். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் செதிலானது, குன்றிமணி கண்ணானது. என் கூறைச்சேலைகூட அப்படி மினுங்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை துரையோடு கீரிமலைக்கு அப்பால் வள்ளத்தில் போனார். உண்மையாகவே ஒரு சீலா அந்தக் கட்டையைக் கவ்வியது. கை நீளம் இருந்த அந்த மீனைத் துரை அவரிடமே பரிசாக நீட்டிவிட்டார். துரை தந்ததை மறுக்கலாமா? கோட்டால் மூடிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

வழியில் கேணியில் தீர்த்தமாடி விபூதியோடு வந்துகொண்டிருந்தார் எங்கள் கோயில் முகாமையாளர்.

"தம்பி, பின்னாலை என்ன? வால் தெரியுது."

"அது துரை தந்த சாமான், ஐயா."

"துரை தந்ததோ! அப்ப விழாமல் பார்த்துக் கொண்டுபோ."

இதை என் கணவர் பெருமையாகத்தான் வந்து சொன்னார். பிறகு மீனை என் பக்கம் தள்ளினார். "இதை எங்கையாவது எறிஞ்சுவிடும்."

"நாளைக்குத் துரை ருசி எப்பிடி எண்டு கேட்டால்?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. "அப்ப… சமையும்."

பின்வளவில் கல் வைத்து அடுப்பு மூட்டி, பழப்புளியும் தேங்காய்ப்பாலும் விட்டுக் குழம்பு வைத்தேன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு என் அடுப்பில் அந்த மணம். உறைப்பைச் சாட்டாக வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சோற்றுக் கோப்பையோடு வந்து இருந்தார். "துண்டு வேண்டாம். குழம்பு மட்டும் விடும், ருசி சொல்ல வேணுமெல்லோ."

விட்டேன். இரண்டாம் முறையும் சோறு கேட்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"தற்செயலா ஒரு துண்டு வந்து விழுந்தாலும் பிழையில்லை."

தற்செயலாக நாலைந்து விழுந்தன.

அடுத்த கிழமை மீன்காரி கடகத்தோடு எங்கள் படலையைத் தாண்டியபோது நான் கூப்பிட்டேன். உள்ளே இருந்தவருக்கு அன்று காது கேட்கவில்லை.

சில மாதங்களில் துரை மாற்றலாகிப் போனார், என் கணவர் காத்திருந்த பதவி உயர்வுக்கு ஒரு வரியும் எழுதிவைக்காமல். புதிதாக வந்த துரைக்குக் கடல் பிடிக்காது, நாய்கள்தான் பிடிக்கும். என் கணவர் சந்தையால் வரும்போது ஒரு நாய்க்குட்டியோடு வந்தார். அந்தக் குட்டியோடு இங்கிலீசில் மட்டுமே கதைத்தார்.