ஒரே டேக்கில் இரண்டு முத்து

எங்கள் தூத்துக்குடியில் தெருவில் நின்று "முத்து" என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அதை நான் மறந்துபோனேன்.

எங்கள் வீட்டு லேப்டாப்பில் உள்ள மின்னூல்களுக்கெல்லாம் டேக் என்னும் அடையாளப் பெயர் கொடுத்து அடுக்கி வைத்திருப்பவள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. கணவரின் துப்பறியும் நாவல்களுக்கு அவர் பெயரையே "முத்து" என்று டேக்காகப் போட்டிருந்தேன். கடையில் வைத்துப் படிக்க அவர் டேப்லெட் வாங்கியதும், அந்த டேக்கில் இருந்ததை எல்லாம் அதற்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பிலிருந்து நிரந்தரமாக அழித்தேன்.

மறுநாள் வாசகர் வட்டத்தில் முத்துக்குளித்தல் பற்றி நான் பேச வேண்டும். லேப்டாப்பைத் திறந்தால் அது பற்றிய நூல் ஒன்றைக்கூடக் காணோம். எங்கும் விலைக்குக் கிடைக்காத, வருடக்கணக்கில் தேடிச் சேர்த்த பழைய நூல்கள். அவற்றுக்கும் "முத்து" என்றுதான் டேக் போட்டிருந்தேன்!

அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து கணவர் போன் செய்தார். "ஏளா, கொலைகாரன் யாருன்னு பாக்கலாம்னு தொறந்தா, ஒருத்தன் கடல்ல முங்கி சிப்பி எடுக்கான். இத அழிச்சிரட்டா?"

"ஐயோ, அதுல கைய வைக்காதீங்க! இந்தா வாரேன்."

நூல்களைத் தொலைத்த டேக்கே அவற்றை அவரிடம் பத்திரமாகச் சேர்த்தும் இருந்தது.

இப்போது "கடல் முத்து", "வீட்டு முத்து" என்று பிரித்துவிட்டேன். எதையும் அழிக்கும் முன் உள்ளே இருப்பதை முழுதாகப் பார்க்கிறேன். வாசகர் வட்டத்திலும் தங்கள் மின்னூல்களை அடுக்கித் தரச் சொல்லி என்னிடம்தான் வருகிறார்கள். முதலில் வந்தவர் பெயர் முத்துலட்சுமி. நான் அசரவில்லை.