ரொட்டி வேனுக்கு இரண்டாவது பேட்டரி

சுங்கை வேயில் இருக்கும் என் மகன் ஒரு பழைய வேனை, படுத்துறங்கி ஊர் சுற்றும் வண்டியாக மாற்றிக்கொண்டிருக்கிறான். மூன்று மாதமாக மின்பாகங்களைத் தேர்ந்தெடுக்கிறான். எந்த பேட்டரி, எவ்வளவு தடித்த வயர், எந்த ஃபியூஸ் என்று கைப்பேசியில் உலகத்தையே விசாரிக்கிறான். முப்பது ஆண்டுகள் மின் ஆய்வாளராக இருந்த தகப்பனை மட்டும் விசாரிப்பதில்லை. போகட்டும். அதே வேலையை நோட்டுப் புத்தகத்தின் ஒரே பக்கத்தில் முடித்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் என் அத்தை.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. அப்பாவின் அக்காவான அத்தைக்கு இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் போய்விட்டன. கைகளை ஊன்றித் தரையில் நகர்வார். தபால் வழியாக ரேடியோ பழுதுபார்க்கப் படித்தவர். எங்கள் வரிசையில் பாதி ரேடியோக்கள் அவர் தயவில்தான் பேசின. ஆனால் சுவரில் உயரத்தில் இருந்த சுவிட்சைப் போட அவர் என்னைத்தான் கூப்பிட வேண்டும். நானும் முணுமுணுத்துக்கொண்டே போவேன்.

கிள்ளானில் லோரி ஓட்டிய மாமா, அம்மாவின் தம்பி, அந்த ஆண்டு ஒரு பழைய ரொட்டி வேனை வாங்கினார். பள்ளி விடுமுறையில் எல்லோரும் அதில் போர்ட்டிக்சன் போய்க் கடற்கரையில் இரண்டு நாள் தங்குவதாகத் திட்டம். அத்தை அதுவரை எந்தப் பயணத்துக்கும் வந்ததில்லை. அவரைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டாரிடம் சொல்லி விட்டுவிட்டுப் போவோம். இந்த முறை தானும் வருவதாகச் சொன்னார். தகர வண்டிக்குள் வெந்துபோவாய் என்றார் அப்பா. காற்றாடி மாட்டலாமே என்றார் அத்தை. அதைப் போடவும் நிறுத்தவும் ஓர் ஆள் கூடவே உட்கார வேண்டுமே என்றார் அப்பா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கடலை நினைத்து அழத் தயாரானேன். ஆள் தேவைப்படாதபடி செய்தால் அழைத்துப்போவதாக அப்பா ஒப்புக்கொண்டார். நடக்காது என்ற நம்பிக்கையில் கொடுக்கப்படும் ஒப்புதல்களைப் பிற்காலத்தில் கோப்புகளில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அத்தை பட்டியல் எழுதினார். பஸ்ஸில் மாட்டும் சிறு காற்றாடி ஒன்று, விளக்கு இரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபியூஸ், அவற்றுக்கென்றே தனியாக இரண்டாவது பேட்டரி. நின்ற வண்டியில் காற்றாடி எவ்வளவு நேரம் ஓடினாலும், வண்டியைக் கிளப்பும் பேட்டரியைத் தொடக்கூடாது என்பது அவர் சட்டம். என் வேலைக்காலத்தில் எத்தனையோ பொறியாளர்களின் வரைபடங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் திருத்த எனக்கு இன்றும் ஒன்றும் அகப்படாது.

மாமா மெல்லிய வயர் வாங்கி வந்தார்.

“கடக்கார பாஸ் இதுவே போதும்னாருக்கா.”

“அவரா தம்பி அந்த காத்தாடிக்குக் கீழ படுக்கப் போறாரு?”

அத்தை அந்த வயரை என்னைப் பிடிக்கச் சொல்லிக் காற்றாடியைப் பத்து நிமிடம் ஓடவிட்டார். வயர் சுட்டது. மாமா மறுபடி கிள்ளான் போனார்.

பெரிய தகராறு சாமி விளக்கில் வந்தது. வண்டியின் முன்பக்கத்தில் முருகன் படத்துக்கு மேல் மாமா ஒரு சிவப்பு பல்பு வைத்திருந்தார். அது அணையவே கூடாதாம். அதனால் சுவிட்சே இல்லாமல் நேராக பேட்டரியில் கொடுத்திருந்தார். இரண்டு நாள் நின்றால் வண்டி கிளம்பாது என்றார் அத்தை.

“சாமிக்கே சுவிட்சாக்கா? பாவம்லா.”

“இஞ்சின் ஓடறப்ப அவரு முழிச்சிருக்கட்டும். நிப்பாட்டுனா அவரும் தூங்கட்டும்.”

மாமா ஒரு நாள் யோசித்துவிட்டு, விளக்கின் வயரை இஞ்சின் சாவியோடு சேர்த்தார்.

கடைசியாக சுவிட்சுகள். பார்க்க அழகாக, நிற்பவர் கைக்கு எட்டும் உயரத்தில் மாமா மாட்டியிருந்தார். அத்தை எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்டவைத்தார். அப்பா குனிந்து ஒன்றைத் தட்டிப் பார்த்தார். காற்றாடி சுற்றியது. வேறு காரணம் தேடிப்பார்த்து, கிடைக்காமல், அத்தையையும் பை கட்டச் சொன்னார்.

போர்ட்டிக்சனில் முதல் நாள் முழுக்க நான் தண்ணீரில் கிடந்தேன். மத்தியானம் சோற்றுக்கு வந்தபோது, அத்தை காற்றாடியைப் போடாமல் வியர்த்து உட்கார்ந்திருந்தார். பழக்கதோஷத்தில் சுவிட்சுக்குக் கை நீட்டினேன்.

“கைய எடு.”

அவரே போட்டார். கொஞ்ச நேரம் காற்று வாங்கினார். நிறுத்தினார். மறுபடி போட்டார். மறுபடி நிறுத்தினார். விளக்கையும் அந்தப் பட்டப்பகலில் போட்டு அணைத்தார். வெளியே ஓடி, அத்தை பேட்டரியை வீணாக்குவதாக அப்பாவிடம் புகார் செய்தேன். அப்பா எழுந்துபோய் வேன் கதவருகே நின்றார். உள்ளே போகவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் அப்பா மேசையில் உட்கார்ந்து, கார்பன் தாள் வைத்து மூன்று பிரதிகளில் விண்ணப்பம் எழுதினார். குவார்ட்டர்ஸ் சுவரில் அனுமதியில்லாமல் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது. வீட்டிலுள்ள சுவிட்சுகளைத் தரையோரமாக இறக்கிவைக்க அனுமதி கோரியிருந்தார். காரணம் எழுத வேண்டிய இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

நான் உதவலாம் என்று நினைத்தேன். எல்லா சுவிட்சையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றில்கூடப் பழுது இல்லை என்று அவரிடம் சொன்னேன்.