கைமாறிய உப்பு

மலாயாவில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துக் கடையில் உப்பு கண்ணில் படவே இல்லை. மரவள்ளிக்கிழங்கை வெறுமனே அவித்துத் தின்று நாக்கு செத்துப்போயிருந்தது. புதிதாகக் கல்யாணமான நானும் என் மனைவியும் சி ரூசா கடற்கரைக்கு நடந்து போய், மண்ணெண்ணெய் டின்னில் கடல் தண்ணீரைக் காய்ச்சுவோம். தண்ணீர் வற்ற வற்ற அடியில் வெள்ளையாகப் பூக்கும். அதை அவள் சுரண்டிக் கொட்டாங்கச்சியில் சேர்ப்பாள்.

ஆனால் என் கையில் மட்டும் தர மாட்டாள். கீழே வைப்பாள், நான் எடுத்துக்கொள்ள வேண்டும். உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு அறுந்துபோகுமாம். நாலெழுத்து படித்தவன் என்ற மிதப்பில் நான் அவளைக் கேலி செய்துகொண்டே இருப்பேன்.

ஒருநாள் காலை, சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லாரி வந்தது. தோட்டத்தில் எங்களை மேய்க்கும் மண்டோர் என்னைக் கைகாட்டினார். மாற்றுத்துணி எடுக்கக்கூட விடவில்லை. லாரி நகரும்போது அவள் உப்பு முடிச்சோடு ஓடி வந்தாள். கீழே வைத்து எடுக்க இடம் ஏது? கையை நீட்டினேன். அவள் கூடவே ஓடிக்கொண்டு தயங்கினாள்.

“குடுத்துரு புள்ள,” என்றேன்.

கொடுத்துவிட்டாள். கொடுத்த கையையே பார்த்துக்கொண்டு சாலையில் நின்றுவிட்டாள்.

எப்படியோ பிழைத்து, எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தேன். அவளுக்குப் பயம் தீரவில்லை. எனக்குக் காய்ச்சல் கண்டாலும், வீடு திரும்பத் தாமதமானாலும், அன்றைக்குக் கையில் கொடுத்தது விடாது என்று அழுவாள். என் சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் ஜாடியைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

பிறகு மந்தின் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானேன். ஒரு சாயங்காலம் மறுநாள் பாடத்தைச் சத்தமாகப் படித்தபோது, உப்பைப் பற்றியா என்று அடுப்படியிலிருந்து கேட்டாள். சொன்னேன். சோடியம் அணுவின் வெளிக்கூட்டில் ஒற்றை எலக்ட்ரான் இருக்கிறது. குளோரினுக்கு ஒன்று குறைகிறது. சோடியம் தன்னுடையதைக் கொடுத்துவிடும். கொடுத்தது நேர்மின் அயனியாகும், வாங்கியது எதிர்மின் அயனியாகும். அதனாலேயே இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிப்புதான் உப்பு.

தண்ணீரில் கரைந்துவிடுமே என்றாள். பிரிந்து அலையும்தான், தண்ணீர் வற்றினால் திரும்பச் சேர்ந்துகொள்ளும், நம் டின்னிலேயே பார்த்தோமே என்றேன்.

“அப்ப கைமாறலன்னா உப்பே இல்லயா?”

“இல்ல லா.”

அடுப்பைத் தணித்தாள். பிறகு ஜாடியிலிருந்து ஒரு பிடி உப்பை அள்ளி வந்து, என் உள்ளங்கையை விரித்து வைத்தாள். தன் கையை எடுக்கவில்லை.