மூன்று தரம் இறைத்த கிணறு

போன கிழமை எங்களை ஒரு பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். குழாய்த் தண்ணீர் அனுப்புகிற பம்ப் நிலையத்தில் வேலை செய்கிறவன் நான். பயிற்சி என்றாலே எனக்குப் பயம். எழுதச் சொல்வார்களோ, எழும்பி நின்று வாசிக்கச் சொல்வார்களோ என்று இரண்டு நாளைக்கு முன்பே சாப்பாடு இறங்காது. பேச வந்த இளைஞர் நல்ல பிள்ளைதான். தனக்கு இவ்வளவுதான் வரும் என்று நிற்கிறவனையும், பழகினால் வரும் என்று நினைக்கிறவனையும் படம் போட்டுக் காட்டினார். வளரும் மனப்பாங்கு என்றார். வீட்டுக்கும் இது வேண்டும், வேலைக்கும் வேண்டும் என்றார். பிறகு ஆளுக்கொரு மஞ்சள் அட்டையும் தடித்த பேனையும் தந்து, உங்களை வளர்த்த ஒரு பிழையை எழுதுங்கள் என்றார்.

பேனையின் மூடியைக் கழற்றினேன். ஸ்பிரிட் மணம் மூக்கில் ஏறியது. அத்தோடு நான் அந்த அறையில் இல்லை.

அந்த மணத்தை நான் முதலில் அறிந்தது சுனாமிக்குப் பிறகுதான். அந்த ஒரு வருடத்தில் மட்டக்களப்புக் கரை முழுக்க யாரோ யாருக்கோ பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தறப்பாள் கொட்டகைக்குள் வட்டமாக இருத்தி, பெரிய கடதாசியில் மரம் கீறச் சொல்வார்கள். வேர் என்றால் குடும்பம், பழம் என்றால் எதிர்காலம். குடும்பத்தையே கடலுக்குக் கொடுத்தவர்கள் பேனையைப் பிடித்தபடியே இருப்பார்கள். நான் மரம் கீறுவேன். வீட்டில் எல்லாரும் தப்பியிருந்தோம். அதுவே எனக்கு வெட்கமாக இருக்கும். பயிற்சி முடிந்ததும் கிரீம் பிஸ்கற்றும் தொப்பியும் கிடைக்கும். என்னிடம் ஏழு தொப்பிகள் சேர்ந்தன. தலை ஒன்றுதான்.

கிணறு துப்புரவாக்கும் வேலைக்குப் போனதற்குக் காரணம், அங்கே சேர்டிபிகேட் கேட்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சண்டைக் காலத்தில், பள்ளிக்கூடம் போகிற வழியில் பொடியன்களைப் பிடிக்கிறார்கள் என்ற கதை வந்த நாளே அம்மா என் சப்பாத்தை எடுத்து ஒளித்துவிட்டார். குழாய் தூக்கவும் மண்ணெண்ணெய் பம்பை ஓட்டவும் எட்டாம் வகுப்பே போதும் என்று நினைத்துச் சேர்ந்தேன்.

முதலில் எங்களை அனுப்பிய பெரியகல்லாற்றுப் பக்கம் நிலம் ஒடுக்கம். ஒரு புறம் கடல், மறுபுறம் வாவி, நடுவில் மணல். ஆனாலும் அந்த மணலில் ஒன்பது முழம் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும். வீட்டுக்கு வீடு ருசி வேறு. யார் வீட்டில் குடித்தாலும், கிளாசைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எங்கட தண்ணி எப்பிடி?" என்று கேட்பார்கள். யோசித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்: தேயிலைக்கு ஆகும், சோத்துக்கு ஆகும், குளிக்கத்தான் ஆகும். கடல் ஏறிப்போன பிறகு எல்லாக் கிணற்றுக்கும் ஒரே தீர்ப்பாகிவிட்டது: உப்பு.

பூமணி அக்காவின் கிணறும் அப்படித்தான். கலியாணம் கட்டிய வருடம் அவருடைய கணவர் தன் கையால் தோண்டி, சீமெந்து வளையம் இறக்கிய கிணறு. அந்த மனிதரும் மூத்த மகளும் அலையோடு போய்விட்டார்கள். வீட்டில் நின்றது அரைச் சுவரும் கிணறும்தான். மகனையும் வைத்துக்கொண்டு அக்கா அந்தச் சுவரில் தறப்பாளைச் சாத்தி இருந்தார். வாவிக்கு அங்கால் புதுவீடு தருகிறோம், பெயரைக் கொடுங்கள் என்று பட்டியல் போட வந்தவர்களை மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தார். கிணறு சரி வந்தால் இருப்பேன், வராவிட்டால் போவேன் என்பது அவருடைய முடிவு. நான் பம்பை இறக்கிய முதல்நாள் சொன்னார்: "தம்பி, இதத்தான் நான் நம்பி இருக்கிறன். வடிவாச் செய்."

அந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது. எனக்கு எதையும் ஒரு முறை செய்து பழக்கமில்லை. கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். தெரு முனைவரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பேன். "இழுத்து இழுத்தே நீங்க பூட்ட உடைப்பீங்க" என்று மனைவி இப்போதும் சொல்வாள். கிணற்றை ஒரு தரம் இறைத்து, அடியில் கிடக்கும் சேற்றை அள்ளி, மருந்து போட்டுவிட்டு வா என்பதுதான் எனக்கு இட்ட வேலை. செய்தேன். மனம் கேட்கவில்லை. லீவு நாளில் பம்பைக் கேட்டு வாங்கிப்போய் இன்னொரு முறை அடி தெரிய இறைத்தேன். அடுத்த கிழமை மூன்றாம் முறை. உப்பு பார்க்கும் சின்ன மீட்டரை விட்டால், ஒவ்வொரு முறையும் எண் கூடிக்கொண்டே போனது. மீட்டர் பழுது என்று முடிவு செய்தேன். மூன்றாம் முறை அடிமணல் சரிந்து வளையமும் ஒரு பக்கம் சாய்ந்தது. அப்போதுதான் பழுதானது மீட்டர் இல்லை என்று விளங்கியது.

எங்கள் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவர் தர்ஷினி மிஸ். திருகோணமலைப் பக்கத்துப் பிள்ளை, என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். கம்பஸ் படிப்பு முடித்த கையோடு வந்தவர். வேலையை விட்டு நிறுத்துவார் என்றுதான் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு மீட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கும் தெரியேல்ல அண்ணன். படிச்சிற்று வந்து சொல்றன்" என்றார்.

படித்தவர் ஒருவர் தனக்குத் தெரியாது என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

நாலு நாள் கழித்து வந்தார். மழைத்தண்ணீர் மணலுக்குள் உப்புத்தண்ணீருக்கு மேலே மெல்லிசாக மிதக்கிறது. மேலே இருப்பதை அவசரமாக அள்ளினால் கீழே இருப்பது ஏறி வரும். கடல் கிட்ட இருக்கிற கிணற்றை மழை வந்துதான் திருத்த வேண்டும், பம்ப் அல்ல. இதைச் சொல்லிவிட்டு, தானும் வேறு இரண்டு கிணறுகளை அளவுக்கு மேல் இறைக்கச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். பிறகு கொப்பி ஒன்றைத் தந்து, கிழமைக்கு ஒரு தரம் எல்லாக் கிணற்றையும் நானே அளந்து எழுதவேண்டும் என்றார். எனக்கு எழுத்து வராது மிஸ், கோணும் என்றேன். "கோணினாலும் எழுதுங்க. பிழையெண்டா வெட்டுவம்." அந்தக் கொப்பியில் முதல் பத்துப் பக்கமும் வெட்டுத்தான்.

ஆனால் அதற்கு முன் பூமணி அக்காவிடம் போகவேண்டியிருந்தது. புதுவீட்டுப் பட்டியல் மூட இரண்டு நாள்தான் இருந்தது. வேலிப் படலைவரை இரண்டு தரம் போய்த் திரும்பி, மூன்றாம் தரம் உள்ளே போனேன். பவுசர் வண்டியில் வந்த தண்ணீரில் தேயிலை ஊற்றித் தந்தார். சொன்னேன். திருந்த எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டார். இரண்டு மாரிக்காலம் என்றேன்.

"மூணு தரம் இறைச்சியா?"

"ஓம் அக்கா."

"ஒரு தரத்தோட விட்டிருந்தா இந்த மாரியோட தண்ணி சரி வந்திருக்கும், நான் இருந்திருப்பன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மழை வருமா என்று பார்க்கிறவர்போலச் சொன்னார். அன்று பின்னேரமே பெயரைக் கொடுத்துவிட்டார்.

இரண்டு மாரி போனது. கொப்பியில் எண் இறங்கிக்கொண்டே வந்தது, எழுத்தும் கொஞ்சம் நேராகியிருந்தது. ஒருநாள் நானே அள்ளிக் குடித்துப் பார்த்தேன். ஒரு போத்தலில் நிரப்பிக்கொண்டு வாவிக்கு அங்கால் புதுவீட்டுக்குப் போனேன். மகன் முற்றத்தில் பள்ளிக்கூடச் சப்பாத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். அக்கா ஒரு வாய் குடித்து, வாயில் வைத்திருந்து, விழுங்கினார்.

"நல்ல தண்ணிதான். தேயிலைக்கு ஆகும்."

அப்படியென்றால் திரும்பி வருவார் என்று நினைத்தேன்.

"இனியென்ன தம்பி, நாங்க இஞ்ச பழகிற்றம். அவன்ட பள்ளிக்கூடமும் இஞ்சதானே."

மீதித் தண்ணீரை அவர் கொட்டவில்லை. மூடி, சாமிப்படத்துக்குக் கிட்ட வைத்தார்.

பிறகு கிழக்கில் சண்டை அடங்கி, சனம் மீண்டும் குடியேறிய நேரம் எங்களை வடக்கே கடற்கரையில் இருக்கும் மாங்கேணிப் பக்கம் அனுப்பினார்கள். கிணறுகளுக்குள் ஓலையும் தகரமும் கிடந்தன. அள்ளி முடித்து ஒரு தரம் இறைத்ததும் பம்பை நிறுத்தினேன். சண்டைக்குள் நாலிடம் மாறி, களைத்து, கையில் ஒரு பையோடு வந்திருந்த சனம் விடவில்லை. அடி தெரிய இறை என்று நின்றார்கள். "நீ எத்தினாம் வகுப்புத் தம்பி, எங்களுக்குத் தண்ணி படிப்பிக்க?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

"எட்டு. ஆனா பெரியகல்லாத்தில ஒரு அக்காட கிணத்தப் பழுதாக்கினனான். அவ ஊர விட்டே போயிற்றா."

சிரிப்பு நின்றது. கேட்டவர் பம்ப் குழாயைத் தானே சுருட்டத் தொடங்கினார்.

இவ்வளவையும் மஞ்சள் அட்டையில் எப்படி எழுதுவது? 'ஒரு கிணறு' என்று எழுதிக் கொடுத்தேன். இளைஞர் சிரித்தபடி, அதிலிருந்து வளர்ந்தீர்களா ஐயா என்று கேட்டார். ஓம் என்றேன். அது பொய்யில்லை. வளர்ந்தேன்தான், அதற்கு இடம் கொடுத்தது வேறொருவருடைய வீட்டு வளவு. கதவை இன்றைக்கும் மூன்று தரம்தான் இழுக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மனம் கேட்காமல் பெரியகல்லாற்றுக்குப் போனேன். பூமணி அக்கா இப்போது உயிரோடு இல்லை. மகன் கட்டாரில் வேலையில் என்றார்கள். வளவை யாரோ வாங்கி வீடு கட்டியிருக்கிறார்கள். கிணற்றின் மேல் சீமெந்துத் தட்டு, தட்டின் மேல் பூச்சாடிகள். தாகம் என்று சொல்லி நின்றேன். அந்த வீட்டுப் பிள்ளை குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் தந்தாள். நான் பம்ப் நிலையத்தில் போடுகிற குளோரின்தான் அதில் மணத்தது. பழக்கத்தில் ஒரு வாய் எடுத்து, வைத்திருந்து, விழுங்கினேன். கிளாசை நீட்டியபடி சற்று நின்றேன்.

அவள் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தண்ணீர் எப்படி என்று கேட்கவில்லை. கேட்க அதில் ஒன்றுமில்லை. எல்லா வீட்டிலும் ஒரே தண்ணீர்தான்.