இருந்து சாப்பிடுகிற கடை

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம் கொழும்பில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் எங்கள் சாப்பாட்டுக்கடையை எரித்தார்கள். அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது என் கணவரிடம் போட்டிருந்த சட்டையும் கடையைப் பூட்டின திறப்பும்தான் மிச்சம். கரவெட்டியில் என் தாய்வீட்டில் தங்கினோம். பதினொரு வருடம் ஐந்து மேசைகளுக்குச் சமைத்துப் போட்ட மனிதர், அதற்குப் பிறகு அடுப்படிப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. காலையில் எழுந்து மாமர நிழலில் போய் இருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். கூப்பிடாவிட்டால் அதுவும் இல்லை.

அடுத்த வருடம் பக்கத்துப் பட்டினத்து நகரசபைக் கந்தோரில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். புதிதாகக் கட்டிய சந்தையின் முன்வரிசைக் கடைகள் எடுக்க ஆளில்லாமல் பூட்டியே கிடந்தன. பட்டினத்தில் இருந்ததெல்லாம் நின்றபடி தேத்தண்ணீர் குடித்துவிட்டு பஸ் பிடிக்கிற கடைகள்தான். மேசை போட்டு, ஆட்கள் ஆறுதலாக இருந்து சாப்பிடக்கூடிய கடை ஒன்றை அங்கே திறப்பவருக்கு ஒரு வருடம் வாடகை இல்லை, அனுமதிக் கட்டணம் இல்லை, தண்ணீர்க் குழாயையும் கந்தோரே இழுத்துத் தரும் என்று அதில் எழுதியிருந்தது. இருபது பேருக்கு இடம் வேண்டும், சாய்ந்து இருக்கக்கூடிய ஆசனங்கள் வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான்.

நான் வந்து சொன்னதும் அவர் தலையை ஆட்டினார்.

"வேண்டாமப்பா. எங்களுக்கு இனிக் கடை சரிவராது."

"எரிச்சவங்களும் அதைத்தான் நினைச்சவங்கள்," என்றேன். "அவங்கள் நினைச்சது நடக்க நான் விடமாட்டன்."

அடுத்தநாள் தனியாகவே கந்தோருக்குப் போனேன். பெரிய கிளாக்கர் என் விண்ணப்பத்தைத் தொடாமலே பார்த்தார்.

"உம்மடை அவர் வரேல்லையோ? அவரின்ரை கையெழுத்தெல்லோ வேணும், தங்கச்சி."

"கடை நடத்தப்போறது நான். என்ரை கையெழுத்துக் கிடக்கு."

"பொம்பிளையள் தனியச் சாப்பாட்டுக்கடை நடத்தி நான் இஞ்சை காணேல்லை."

"ஆம்பிளைதான் நடத்தவேணும் எண்டு அறிவித்தலிலை எங்கை கிடக்கு எண்டு காட்டுங்கோ ஐயா. நான் இப்பவே போறன்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அறிவித்தலை இரண்டு தடவை வாசித்தார். பிறகு முத்திரை குத்தினார். மூன்று கிழமைக்குள் இருபது ஆசனமும் இருக்க வேண்டும், தானே வந்து பார்ப்பேன் என்றார்.

எங்களிடம் எட்டுக் கதிரைகள்தான் சேர்ந்தன. இருபதுக்கு எங்கே போவது? உடுப்பிட்டியில் ரியூஷன் வகுப்புகள் நடந்த ரியூட்டரி ஒன்றை மூடியபோது ஒதுக்கிப் போட்ட, மூன்று மூன்று பேர் இருக்கக்கூடிய நான்கு நீள வாங்குகளை வண்டிலில் ஏற்றி வந்தேன். அவற்றுக்கு முதுகில்லை. முற்றத்தில் இறக்கிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். மாமரத்தடியில் இருந்தவர் எழுந்து வந்தார். ஒரு வாங்கைப் புரட்டிப் பார்த்தார். அண்டை வீட்டில் சுத்தியலும் மரமறுக்கிற வாளும் இரவல் வாங்கி வந்தார். நான்கு நாட்கள் பலகை அறுத்து, ஆணி அடித்து, ஒவ்வொரு வாங்குக்கும் முதுகு வைத்தார். நான் பக்கத்தில் போகவில்லை. போனால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

பெரிய கிளாக்கர் வந்து பார்த்துவிட்டு, "இது வாங்கு, கதிரை இல்லை," என்றார்.

"சாய்ஞ்சு பாருங்கோ ஐயா," என்றார் என் கணவர். கப்பலில் வந்து இறங்கிய பிறகு வெளியாள் ஒருவரோடு அவர் கதைத்ததை அன்றுதான் கேட்டேன். கிளாக்கர் சாய்ந்து பார்த்தார். வாங்கு அசையவில்லை.

தை மாதம் கடை திறந்தோம். புழுங்கலரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கைக்காய்க் கறி, மீன் குழம்பு, கடைசியில் ரசம். வங்கியில் வேலை செய்கிறவர்கள் வந்தார்கள், வாத்திமார் வந்தார்கள். கிளாக்கரும் இரண்டு நாள் வந்து சாப்பிட்டார். அடுப்படியில் என் கணவர், மேசைகளில் நான்.

கடைக்குப் பின்னால் மீன்சந்தை. கரையிலிருந்து விடியலில் பனையோலைக் கடகத்தில் மீன் சுமந்து வருகிற பெண்கள், வியாபாரம் முடிந்ததும் வாய்க்கால் ஓரத்தில் குந்தியிருந்து கொண்டுவந்த ஆறின புட்டைத் தின்பார்கள். ஒருநாள் அவர்களில் மூத்த ஒருத்தி பின்கதவுக்கு வந்தா.

"ஒரு சோத்துப் பாசல் கட்டித் தாறியே, பிள்ளை?"

"உள்ளை வாங்கோ அக்கா. இருந்து சாப்பிடுங்கோ."

"மீன் வெட்டின கையோடை நிக்கிறன். உன்ரை ஆக்கள் முகத்தைச் சுழிப்பினம்."

"கை கழுவத் தண்ணி கிடக்கு. முன்வாசலாலை வாங்கோ."

முதல்நாள் அவ வாங்கின் நுனியில், எந்த நேரமும் எழும்பத் தயாராக இருந்து சாப்பிட்டா. அடுத்தநாள் மூன்று பேர் வந்தார்கள். மாசி முடிவதற்குள் ஏழெட்டுப் பேர் வழக்கமாக வந்தார்கள். வாத்தியார் ஒருவர் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து போனார். போகிற போக்கில் என்னைப் பார்த்து, "மணக்குது," என்றார்.

"உங்கடை சோத்துக் கோப்பையிலை கிடந்ததும் அவையள் கொண்டுவந்த மீன்தான், மாஸ்டர்," என்றேன்.

அந்தக் கிழமையே கிளாக்கர் வந்தார். மத்தியான நேரம், கடை நிறைய ஆட்கள். இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"பட்டினத்துக்கு மரியாதையான கடை ஒண்டு வேணுமெண்டுதான் உமக்குச் சலுகை தந்தது. உவையளுக்குப் பின்னுக்கு ஒரு வாங்கைப் போட்டு விடும். பிரச்சினை முடிஞ்சுது."

நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் அகப்பையோடு அடுப்படியிலிருந்து வந்தார்.

"பின்னுக்கு வாங்கு போடேலாது ஐயா. கொழும்பிலை என்னை ஆரெண்டு கேட்டுத்தான் அடிச்சவங்கள். சோறு போட முந்தி ஆரெண்டு கேக்க என்னாலை ஏலாது."

கிளாக்கர் போய்விட்டார். நான்காம் நாள் கடிதம் வந்தது. கடை 'எதிர்பார்த்த தரத்தில்' இல்லாதபடியால் சலுகை நிறுத்தப்படுகிறது, அடுத்த மாதத்திலிருந்து வாடகை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் திறப்பை ஒப்படைக்க வேண்டும்.

கடிதத்தை மீன்சந்தைக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். மூத்தவ கடகத்தைக் கவிழ்த்து வைத்தா. "வா, போவம்," என்றா. பதினாலு பேர் என்னோடு வந்தார்கள். கந்தோரின் விறாந்தையில் வந்தவர்கள் இருப்பதற்கென்று போட்டிருந்த வாங்குகளில் வரிசையாக இருந்தோம். யாரும் சத்தம் போடவில்லை. மீன் மணம் மட்டும் உள்ளே போனது. ஒவ்வொரு யன்னலாகத் திறந்தார்கள். கடைசியில் கிளாக்கருக்கும் மேலே இருக்கிற நகரசபைத் தலைவரே வெளியே வந்தார்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒண்டும் வேண்டாம் ஐயா," என்றா மூத்தவ. "நாங்கள் இருந்தால் வாங்குக்கு என்ன நடக்குதெண்டு பாக்க வந்தனாங்கள்."

அவருக்குச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொன்னார். பேசினார்களோ இல்லையோ, சலுகை திரும்பி வரவில்லை. நாங்கள் வாடகை கட்டினோம். திறப்பைக் கொடுக்கவில்லை. வங்கி ஆட்கள் சிலர் வராமல் விட்டார்கள். அந்த இடங்களை மூட்டை தூக்குகிறவர்கள், சந்தை கூட்டுகிற பெண்கள், பஸ் கொண்டக்டர்மார் நிரப்பினார்கள். சில மத்தியானங்களில் இருபது ஆசனமும் போதாமல் ஆட்கள் வாசலில் காத்து நின்றார்கள்.

எண்பத்தேழு வைகாசியில் எங்கள் வடமராட்சிப் பகுதியில் சண்டை மூண்டது. கோயிலில் அடைந்து கிடந்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், கடையின் கூரையில் பாதி இல்லை. இரண்டு வாங்குகள் நொறுங்கிப் போயிருந்தன. நான் வாசற்படியில் இருந்துவிட்டேன். இந்தமுறை என் கணவர் மாமரத்தடியைத் தேடிப் போகவில்லை. சுத்தியல் இரவல் வாங்கப் போனார்.

கூரைக்குத் தென்னோலைக் கிடுகு போட்டு, ஒரு மாதத்தில் மறுபடி அடுப்பு மூட்டினோம். ஆமி கடலுக்குப் போக விடாத காலம் அது. கறியில் போட மீனில்லை, பெண்களிடம் விற்க மீனில்லை. ஆனாலும் அன்று மத்தியானம் வெறுங்கையோடு ஒன்பது பேர் நடந்து வந்தார்கள். சோறும் பருப்பும்தான் இருந்தது. நான் கோப்பைகளை எடுக்கப் போக, மூத்தவ என் கையைப் பிடித்துத் தனக்குப் பக்கத்தில் இருத்தினா.

அந்தக் கடையில் நான் ஆட்களோடு இருந்து சாப்பிட்டது அன்றுதான். பரிமாறினது என் கணவர்.